மன்றத் தலைவியின் மௌன விரதம்

பேத்துப்பாறை
7-9-1958

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை பொன்னுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. நானும் வீட்டுக்காரரும் கன்றுக்குட்டியும் சுகம். உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் கடையில் கூட்டம் உண்டா?

இங்கே ஒரு புதுமை நடந்திருக்கிறது. பாப்பம்மாள் என்ற பெண்ணைக் கிராம சேவிகாவாக சர்க்கார் அனுப்பியிருக்கிறது. சைக்கிள் விடத் தெரிந்த பெண். எங்கள் ஊர்ப் பாதையில் சைக்கிள்தான் அவள் மேல் ஏறி வருகிறது. வந்த வேகத்தில் மாதர் சங்கம் ஆரம்பித்து, சனிக்கிழமை சாயங்காலம் பேச்சு மன்றம் என்று ஒன்றையும் வைத்துவிட்டாள். பதினோரு பேர் சேர்ந்திருக்கிறோம். வாரம் இரண்டு பேர் எழுந்து நின்று பேச வேண்டும். மற்றவர்கள் விதைப்பூண்டு உதிர்த்தபடி கேட்போம். இதற்கு சோலையம்மாள் சின்னம்மா ஒரு சட்டமும் போட்டுவிட்டார். பேச்சு நன்றாக இருந்தால் கேட்கிறவர்களின் கை தானாக நின்றுவிடுமாம். கை ஓடிக்கொண்டே இருந்தால் பேச்சு தேறவில்லை என்று அர்த்தம்.

எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பாய். போன மாதம் வீரம்மாளை டோலியில் வைத்துக் கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகையில் பாதி வழியில் பாறை மேலேயே பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டு உயிரும் பிழைத்தது முருகன் செயல். முந்தின வருஷம் பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறேன் என்று இறங்கி, அதே பாதையில்தான் என் பிள்ளையைப் பறிகொடுத்தேன். அதற்கு மேல் எழுதவில்லை. ஊருக்கு ஒரு மருத்துவச்சி வேண்டும். ஆண்கள் ரோடு, ரேடியோ என்றுதான் மனுப் போடுகிறார்கள். மருத்துவச்சியை நீங்கள்தான் அதிகாரி முன்னால் நின்று கேட்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பழக்கம் என்கிறாள் பாப்பம்மாள்.

நேற்று என் முறை. எழுந்து நின்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தி கையும் நிற்கவில்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புத் தங்கை,
பொன்னுத்தாய்


பழனி, அடிவாரம்
16-9-1958

தங்கை பொன்னுத்தாய்க்கு அக்கா சண்முகசுந்தரி ஆசி கூறி எழுதுவது. முழங்கால் வலிக்கிறது. வாய்க்கு ஒரு வலியும் இல்லை என்பதால் உன் அத்தான்தான் பாவம். மற்றபடி சுகம்.

நீ பேசாமல் உட்கார்ந்தாய் என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்பு வரை வாத்தியார் கேள்வி கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பாய். கடையில் உட்கார வைத்தால் யாத்திரைக்காரர்கள் உன்னை ஊமை என்று நினைத்து உனக்காக ஒரு சூடம் சேர்த்து வாங்கிக்கொண்டு மலையேறுவார்கள். அப்பா அதற்காகவே உன்னைக் கடையில் உட்கார வைத்தாரோ என்னவோ.

ஒரு யோசனை சொல்கிறேன். எதிரில் இருப்பது சங்கத்துப் பெண்கள் என்று நினைக்காதே. தைப்பூசத்துக்கு வந்த ஜனம், நம் கடைக்கு வருகிறது என்று நினைத்துக்கொள். பேச்சு தானாக வரும். கூட்டத்தைப் பார்த்து வாயடைத்துப்போக நாம் என்ன வேறு தெருவிலா பிறந்தோம்?

உன் கடிதம் வந்த அன்றே மலைக்குப் போனேன். முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன். என்னவென்று இப்போது கேட்காதே. பஞ்சாமிர்தம் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளை ஒரே நாளில் தின்று தீர்க்காமல் பார்த்துக்கொள்.

சண்முகசுந்தரி


பேத்துப்பாறை
5-10-1958

அக்காவுக்கு வணக்கம். டப்பா வந்தது. நீ பயந்தபடியேதான் ஆயிற்று. அவர் சுகமாக இருக்கிறார்.

உன் யோசனையால் ஊரே சிரித்தது. நேற்று எழுந்து நின்று, கண்ணை மூடி, இது பூசக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்ததும் வாயில் வந்த முதல் வார்த்தை, "வாங்க சாமி, செருப்ப இங்கன விடுங்க சாமி, தட்டு வாங்கிட்டுப் போங்க" என்பது. சத்தம் வேறு, தெருக்கோடி வரை கேட்கும் நம் கடைச் சத்தம். வீரம்மாள் சிரித்ததில் மடியில் இருந்த பூண்டெல்லாம் கொட்டிவிட்டது. பாப்பம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பயம் போன இடம் தெரியவில்லை. டோலிக்கு ஆள் தேடுவதில் எவ்வளவு நேரம் போகிறது, மழைக்காலத்தில் எந்த இடத்தில் வழுக்கும் என்று பேசினேன். பாதியில் பார்க்கிறேன், சோலையம்மாள் சின்னம்மாவின் கை நின்றிருந்தது. அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் பேச்சை விடவில்லை.

பொன்னுத்தாய்


பழனி
11-10-1958

தங்கைக்கு ஆசி. இங்கு எல்லோரும் நலம். உன் கடிதத்தைக் கடையில் வைத்தே உரக்கப் படித்தேன். உன் அத்தான் ஒரு வாடிக்கைக்காரருக்குத் தேங்காய் இல்லாத தட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

எனக்கு நெஞ்சு நிறைந்திருக்கிறது. வேண்டுதல் பலித்துவிட்டது. அது என்ன வேண்டுதல் என்பதை நேரில் சொல்கிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

இனி நிறுத்தாமல் பேசு.

சண்முகசுந்தரி


பேத்துப்பாறை
23-11-1958

அக்காவுக்கு வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நடவு வேலை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பூண்டு வாசனைதான் முன்னைப்போல் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைப் புரட்டுகிறது. எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு.

பாப்பம்மாளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது மன்றத்துக்குத் தலைவியாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. நான் பேசப் பழகியதிலிருந்து மற்றவர்கள் பேசுவதை விட்டுவிட்டார்கள். யாரைக் கூப்பிட்டாலும், "அதான் பொன்னுத்தாயி இருக்கால்ல, அவ பேசிருவா" என்று குனிந்துகொள்கிறார்கள்.

மருத்துவச்சி கேட்டு மாதர் சங்கத்தின் பேரில் போட்ட மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. இந்தப் பக்கத்துக்கே ஒரு மருத்துவச்சிதானாம். எங்களோடு வேறு இரண்டு ஊர்களும் கேட்டிருக்கின்றன. தை மாதம் சுகாதார அதிகாரி நாயுடுபுரத்தில் முகாம் போட்டு மூன்று ஊர்க்காரர்களையும் நேரில் கேட்டு முடிவு செய்வாராம். மற்ற ஊர்களில் பேசத் தெரிந்த ஆண்கள் வருகிறார்கள். எங்கள் ஊருக்கு நான் பேசுவது என்று தீர்மானமாகிவிட்டது. அந்த மருத்துவச்சி எங்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

பொன்னுத்தாய்


பழனி
12-12-1958

தங்கைக்கு ஆசி. ஊறுகாய் வந்திருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ தை மாதம் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் செய்த வேண்டுதல் என்னவென்றால், முருகா, என் தங்கை நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிவிட்டால், வருகிற தைப்பூசத்துக்குக் கொடியேற்றம் முதல் பூசம் வரை அவள் மஞ்சள் துணியால் வாய் கட்டி மௌன விரதம் இருந்து உன் சன்னிதிக்கு வருவாள் என்றேன்.

பேச்சைக் கொடுத்த சாமிக்குப் பத்து நாள் பேச்சைத் திருப்பிக் கொடுப்பதுதானே மரியாதை என்று அப்போது தோன்றியது. உனக்கு அதிகாரி வருவார், அதுவும் தையில் வருவார் என்று நான் கண்டேனா? பொழுது விடிந்தால் ஊமையாக இருக்கும் பெண்ணுக்குப் பத்து நாள் மௌனம் ஒரு பாரமா என்று சுலபமாக நேர்ந்துகொண்டேன்.

முகாம் எந்தத் தேதி என்று உடனே எழுது. பூசம் முடிந்து வந்தால் ஒரு கவலையும் இல்லை.

சண்முகசுந்தரி


பேத்துப்பாறை
2-1-1959

அக்காவுக்கு.

சுகம். முகாம் ஜனவரி பத்தொன்பதாம் தேதி. கொடியேறின பிறகு, பூசத்துக்கு முன்.

என் வாயை நேர்ந்துவிடும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பொன்னுத்தாய்


பழனி
9-1-1959

என் கண்ணான தங்கைக்கு.

உன் கடிதத்தில் வணக்கம் இல்லை. நான் அதற்குத் தகுதிதான்.

கோயிலில் சேவகம் பார்க்கும் சேனாதிபதி பண்டாரத்தைப் பார்த்துக் கேட்டேன். வாயைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வியை இவ்வளவு உரக்கக் கேட்கிறாயே அம்மா என்றார். பிறகு, நேர்ந்துகொண்டவர் யாரோ அவரே செலுத்தினாலும் முருகன் ஏற்றுக்கொள்வான் என்று சொன்னார். அதனால் நானே கட்டிக்கொள்கிறேன். கொடியேற்றம் முதல் பூசம் வரை நான் பேச மாட்டேன். அதுவும் தைப்பூச வியாபாரத்தில், கடையில் நின்றுகொண்டு. உன் அத்தானிடம் சொன்னதும், "பத்து நாளா? இது ஒன் தங்கச்சிக்கு நேந்ததா, எனக்கு நேந்ததா?" என்று கேட்டார். அவர் முகத்தில் இவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

நீ கட்டாதே. நீ போய்ப் பேசு. அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைக்கும்படி பேசு. இந்தக் கடிதம் உன் கைக்குப் பத்தொன்பதாம் தேதிக்குள் சேர வேண்டுமே என்பதுதான் என் கவலை.

சண்முகசுந்தரி


பேத்துப்பாறை
20-1-1959

அன்புள்ள அக்காவுக்கு, பல நமஸ்காரம்.

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. மலையில் இரண்டு வாரமாக மழை, பாதையில் மண் சரிந்து, முந்தாநாள் வழியைச் சீர்செய்யும் வரை தபால்காரர் வரவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், சத்தம் வராமல். ஏனென்றால் என் வாயிலும் மஞ்சள் துணி இருக்கிறது. கொடியேற்றத்தன்று நானும் கட்டிக்கொண்டுவிட்டேன்.

முதலில் உன் மேல் கோபம் தீரவில்லை. அவர் கூட, சாமிக்குப் பொறுமை உண்டு, அதிகாரிக்குக் கிடையாது, பங்குனிக்குத் தள்ளிப் போடு என்றார். சாமிக்குச் சொன்ன வாக்கை மாற்ற மனது கேட்கவில்லை. கட்டுவதற்கு முந்தின சனிக்கிழமை மன்றத்தில் சும்மா உட்கார்ந்து பார்ப்போம் என்று நினைத்தேன். யாராவது பேசட்டும் என்று நான் வாயே திறக்கவில்லை. நெடுநேரம் பூண்டு உதிர்கிற சத்தம்தான். பிறகு வீரம்மாள் எழுந்தாள். டோலியை இறக்கி வைத்தது, பாறை ஈரமாக இருந்தது, தூக்கி வந்த ஆண்கள் திரும்பி நின்றுகொண்டது, எல்லாவற்றையும் சொன்னாள். அத்தனை கைகளும் நின்றுவிட்டன. இதைத்தான் நான் மூன்று மாதமாக அவளுக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் பாதி எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பத்துப் பேரையும் ஆளுக்கு ஒரு சங்கதி சொல்லப் பழக்கினேன். பிறகு நிம்மதியாக வாயைக் கட்டிக்கொண்டேன்.

நேற்று நாயுடுபுரத்தில் மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் நன்றாகத்தான் பேசினார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். எங்கள் முறை வந்தது. நான் முன்னால் நின்று ஒவ்வொருத்தியாகக் கை காட்டினேன். ஒருத்தி மழையைச் சொன்னாள், ஒருத்தி டோலியைச் சொன்னாள், ஒருத்தி தன் மருமகளைச் சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் நின்றாள். அடுத்தவள் அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். கடைசியில் வீரம்மாள் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஐயா, இந்தப் புள்ள எந்த ஊர்ல பொறந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலைங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல பொறந்துச்சு. அடுத்த புள்ளையாச்சும் ஊருக்குள்ள பொறக்கட்டும்."

அதிகாரி கையெழுத்தை நிறுத்திவிட்டார். உங்கள் தலைவி யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் துணியோடு நிற்கிற என்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார். சோலையம்மாள் சின்னம்மாதான் பதில் சொன்னார்.

"பழனியாண்டவருக்கு வெரதம்ங்க. இவ வாயக் கட்டிக்கிட்டு எங்க வாயத் தொறந்து விட்டுட்டா."

உத்தரவு பிறகு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். கிடைக்குமா என்று தெரியவில்லை. ஆனால் அக்கா, நான் தனியாகப் பேசியிருந்தால் இவ்வளவு நிறைவாக இருந்திருக்காது.

பூசத்துக்கு இறங்கி வருகிறேன். பெருமாள்மலையில் பஸ் பிடித்து வத்தலக்குண்டு வழியாக வருவோம். அடிவாரத்துத் திருஆவினன்குடிக் கோயில் வாசலில் நில்.

பொன்னுத்தாய்


பழனி
27-1-1959

அடி பாவி மகளே, நலமாகப் போய்ச் சேர்ந்தாயா? எந்தக் குலுக்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தாயா? அதை முதல் வரியில் எழுது.

என் ஆயுசில் வாய் இல்லாமல் தவித்தது அந்த ஒரு நாள்தான். கோயில் வாசலில் நீ கம்பளி போர்த்திக்கொண்டு வருவதைப் பார்த்தேன். உன் வாயிலும் மஞ்சள் துணி, என் வாயிலும் மஞ்சள் துணி. எத்தனை காலம் கழித்துப் பார்க்கிறோம், ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். உன் அத்தானும் மாப்பிள்ளையும் சிரித்த சிரிப்பில் காவடிக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

வா, மலையேறலாம் என்று கை காட்டினேன். நீ மாட்டேன் என்று தலையை ஆட்டினாய். திரும்பவும் காட்டினேன். திரும்பவும் ஆட்டினாய். நேர்த்திக்கடனை அரைகுறையாக விடுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்து கண்ணை உருட்டினேன். அப்போது நீ என் கையை எடுத்துக் கம்பளிக்குள் உன் வயிற்றில் வைத்தாய்.

பிள்ளைத்தாய்ச்சி மலையேறக் கூடாது என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. நீ ஐந்து விரலைக் காட்டினாய். ஐந்து மாதம். ஐந்து மாதமாக என்னிடம் மறைத்திருக்கிறாய். ஊறுகாய் கேட்டபோதாவது எனக்குப் புத்தி வேலை செய்திருக்க வேண்டாமா? திட்ட வேண்டும், கட்டிக்கொண்டு அழ வேண்டும், ஆயிரம் கேட்க வேண்டும். பத்து நாளில் ஒரு முறை கூட எனக்கு அந்தத் துணி பாரமாக இல்லை. அந்த நேரம் தாங்க முடியவில்லை.

நீ அடிவாரச் சன்னிதியில் விரதத்தை முடித்துக்கொண்டாய். நான் மேலே போய்த் துணியை அவிழ்த்துவிட்டு ஓடி வந்து பார்த்தால், நெரிசலுக்குப் பயந்து மாப்பிள்ளை உன்னை முதல் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். செய்தது சரிதான். ஆனால் அன்று முழுக்க நான் உன் அத்தானிடம் பேசித் தீர்த்தேன். அவர் அடுத்த பூசம் எப்போது என்று பஞ்சாங்கம் பார்த்தார்.

இனி சுமை தூக்காதே. குளிர் தண்ணீரில் நிற்காதே. மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உன் அக்கா,
சண்முகசுந்தரி


பேத்துப்பாறை
8-3-1959

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். ஒரு குலுக்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தேன், நன்றாக இருக்கிறேன். தாமதமானாலும் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

மறைத்ததற்குக் கோபப்படாதே. போன தடவை எல்லோருக்கும் சொல்லி, எல்லோரும் சந்தோஷப்பட்டு, பிறகு எல்லோருக்கும் இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது தடவை சொல்வதற்குப் பயந்துதான் பேசாமல் இருந்தேன்.

உத்தரவு வந்துவிட்டது அக்கா. மருத்துவச்சி எங்கள் ஊருக்குத்தான். கந்தம்மாள் என்று பெயர், திண்டுக்கல்காரர். சாவடிக்குப் பின்னால் உள்ள அறையைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வெள்ளையடித்துக் கொடுத்தோம். வந்த மறுநாளே என்னைப் பார்த்தார். பிள்ளை திடமாக இருக்கிறது, வைகாசியில் எதிர்பார்க்கலாம் என்றார். மன்றம் நடக்கிறது. இப்போது யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, யாரை உட்கார வைப்பது என்பதுதான் பிரச்சினை.

பங்குனியில் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக உன் அக்கா வந்துவிடுவார்கள், சாமான்களை எடுத்து வை என்று என் மாமியார் சொல்கிறார்கள். வழக்கம் அப்படித்தான். போன தடவையும் அப்படித்தான் புறப்பட்டேன்.

இப்போது ஊர் முன்னால் பேசுகிறேன், அதிகாரி முன்னால் போய் நின்றுவிட்டேன். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று நாக்கிலேயே நிற்கிறது. நான்கு நாளாக இந்தக் கடிதத்தை முடிக்காமல் வைத்திருந்து, இன்று அப்படியே அனுப்புகிறேன்.

பொன்னுத்தாய்


பழனி
14-3-1959

என் தங்கைக்கு ஆயிரம் ஆசி.

வளையல் வாங்கிவிட்டேன். பங்குனி உத்திரக் கூட்டம் முடிந்ததும் புறப்படுகிறேன். பிள்ளைக்குத் துணி, எனக்குக் கம்பளி, மூன்று மாதத்துக்கு வேண்டிய மருந்துப்பொடி எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. கடையை உன் அத்தான் பார்த்துக்கொள்வார். உன் மாமியாரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

நீ ஒரு அடி கூட இறங்க வேண்டாம். இந்தத் தடவை தாய்வீடு மலையேறி வரும்.

சண்முகசுந்தரி